ஊதா விளக்கைப் போட்டவர்

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் வாலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சேட்டைக்காரப் பிள்ளையை வாலு என்பார்களே, அந்த வால் இல்லை. அவள் சேட்டை செய்து பார்த்தவர் அங்கே யாரும் கிடையாது. முப்பத்தொரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மீன் செல்களுக்கு வால் முளைத்திருக்கிறதா என்று எண்ணியவள் அவள். ஸ்டோர்காரர் கேலியாகத் தொடங்கிவைத்த பெயர், வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது.

மீன் செல்லுக்கு ஏது வால் என்று கேட்பவர்களுக்கு அவள் வைத்திருந்த விளக்கம் எளிமையானது. மீனின் துடுப்பிலிருந்து எடுத்த செல்களைக் குப்பியில் சத்துநீர் ஊற்றி வளர்ப்பார்கள். சந்தேகத்துக்குரிய ரசாயனத்தையோ வாய்க்கால் தண்ணீரையோ அவற்றின்மேல் ஒருநாள் விட்டுவைப்பார்கள். பிறகு செல்களைக் கண்ணாடித் துண்டில் பதித்து, மேல்தோலைக் கரைத்து, கொஞ்சம் மின்சாரம் பாய்ச்சுவார்கள். உள்ளே இருக்கும் டி.என்.ஏ. முழுசாக இருந்தால் உருண்டையாக அப்படியே உட்கார்ந்திருக்கும். உடைந்திருந்தால் துண்டுகள் மின்சாரத்தோடு ஓடி, பின்னால் வாலாக நீளும். வால் எவ்வளவு நீளமோ, அந்தத் தண்ணீரில் அவ்வளவு கேடு.

"அவ்வளவுதாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று முடிப்பாள், துணி மடிப்பதைச் சொல்லித்தந்த மாதிரி.

வேறு ஒன்றுமில்லை என்பது சுத்தப் பொய். ஒரு கண்ணாடித் துண்டுக்கு நூறு செல். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு. இருட்டு அறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும். நடுவில் யாராவது "வாலக்கா, டீ" என்று கதவைத் தட்டினால் எண்ணிக்கை விட்டுப்போகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். அப்படிக் கதவைத் தட்டி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அந்தக் கட்டடத்தில் குறைவு.

தட்டாமல் கதவுக்கு வெளியே நின்று காத்திருந்தவர் ஒருவர்தான். அவர் மீன்காரர்.

மீன் விற்பவர் அல்ல. கீழ்த்தளத்தில் இருந்த பதினாறு மீன்தொட்டிகளுக்கும் அவர்தான் எல்லாம். தண்ணீர் மாற்றுவது, பாசி சுரண்டுவது, சூடு பார்ப்பது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிப்பது. ஈரக் காற்சட்டையும் ரப்பர் செருப்புமாகவே திரிவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற கட்சி. மீன்களோடு மட்டும் பேசுவார் என்று ஸ்டோர்காரர் சொல்வார். அது உண்மைதான், வாலக்காவே கேட்டிருக்கிறாள்.

அந்தச் சோதனைக்கூடத்துச் செல்கள் எல்லாம் ஒரே மீனிடமிருந்து வந்தவை. அதற்கு அவர் வைத்த பெயர் கிழவி. வால்துடுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். கிழவி இரண்டு நாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பிறகு துடுப்பு மறுபடியும் வளர்ந்து, இன்னும் மூன்று வருடம் தொட்டியில் ராஜ்ஜியம் செய்தாள். மேலே குப்பிகளில் அவளுடைய செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன. இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு ஒவ்வொரு சோதனைக்கும் நாற்பது ஐம்பது மீன்களை விஷத்தண்ணீரில் விட்டு, எத்தனை சாகிறது என்று பார்ப்பார்களாம். அந்தச் செத்த மீன்களை அள்ளிக் கொட்டியவரும் அவர்தான். ஆகவே குப்பியில் வளரும் செல்களின்மேல் அவருக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. திங்கட்கிழமைதோறும் மாடிக்கு வந்துவிடுவார்.

"கிழவி எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. குப்பி நிறைஞ்சு போச்சு. இன்னிக்கு ரெண்டாப் பிரிச்சேன்."

பக்கத்து நுண்ணோக்கியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். "இவ சாகவே மாட்டாளா?" என்று ஒருமுறை கேட்டார்.

"சோறு போட்டு, நெரிசலானா இடம் மாத்திக் குடுத்துட்டே இருந்தா சாக மாட்டா."

"நமக்கும் யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?"

"எனக்கு யாரும் பண்ணலங்க" என்றாள் இருபத்தெட்டு வயது வாலக்கா, எண்ணிக்கையை விட்டுவிடாமல். அவர் அடுத்த திங்கட்கிழமை தலைவாரி, காய்ந்த காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கட்டடம் முழுவதும் புரிந்துகொண்டது.

கல்யாணத்துக்குப் பிறகும் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. சோதனைக்கூடத்தின் சுவர் அது. எண்ணுகிறவருக்கு எந்தத் துண்டு எந்தத் தண்ணீரில் ஊறியது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தானாகவே வாலை நீட்டியோ குறைத்தோ பார்த்துவிடும். வருகிற பாட்டில்களின் பெயரை மறைத்து, அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டு, எது எது என்று ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி டைரக்டரிடம் கொடுக்கவேண்டும். இந்த வேலைக்கு வாய் திறக்காத ஆள் வேண்டும் என்று தேடியபோது, மீன்காரரை விட்டால் வேறு ஆள் இல்லை. அவர் மறைப்பார், அவள் எண்ணுவாள்.

சுவர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்கள், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் சாப்பாடு போட்டுக்கொண்டே அவர் முகத்தை ஓரக்கண்ணால் படிக்கப் பார்ப்பாள்.

"இன்னிக்கு 'ஆ' துண்டுல ஒரே வாலு. ஏதோ பெரிய கம்பெனிதுதானே?"

"குழம்புல உப்பு கம்மி."

கிணற்றில் போட்ட கல். அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தச் சின்ன சமையலறையில் இரண்டு தட்டும் ஒரு விளையாட்டுமாக அவர்கள் இருந்த அந்த வருடங்களை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சு இனிக்கும். பேசாத மனிதரோடு வாழ்ந்தாயே என்று பரிதாபப்படுபவர்களைக் கண்டால் எரிச்சல் வரும்.

அப்படியிருக்க, அவளுடைய நாற்பத்தொன்றாவது வயதில் ஏழு பாட்டில்கள் வந்தன. ஊருக்கு வெளியே ஓடும் வாய்க்காலில் மீன்கள் மிதந்தன. கீழ்ப்புறத்துக் கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறியது. வாய்க்கால் கரையில் இருந்த ஏழு சாயப்பட்டறைகளின் கழிவுநீரையும் அதிகாரிகள் எடுத்து அனுப்பினார்கள். அதில் ஒன்று அவள் தம்பியுடையது.

தம்பி என்றால் வெறும் தம்பியா? அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தவள் இவள். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீதானேக்கா எண்ணப்போற? கொஞ்சம் பாத்துச் செய்."

"எது உன்னோடதுன்னே எனக்குத் தெரியாதுடா."

"மச்சானுக்குத் தெரியுமில்ல?"

மீன்காரர் எழுந்து போய் வாசல் குழாயில் கால் கழுவத் தொடங்கினார். காய்ந்த காலைத்தான் கழுவினார்.

"பட்டறையை மூடிட்டாங்கன்னா எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு. பதினாலு வயசுலேர்ந்து சாயம்தான்" என்றான் தம்பி.

தம்பிக்கும் இதில் ஒரு பாட்டில் இருக்கிறது, இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று அவள் டைரக்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பதை அவள் அதுவரை அடுத்தவர் வீட்டு விஷயமாக நினைத்திருந்தாள்.

செல்களைக் கையாளும் அறையில் எப்போதும் மங்கலான மஞ்சள் விளக்குத்தான் எரியும். வெள்ளை வெளிச்சமே டி.என்.ஏ.யை உடைக்கும். அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் இன்னொரு விளக்கும் உண்டு, ஊதா விளக்கு. எல்லோரும் வெளியேறிய பிறகு கிருமியைக் கொல்வதற்காகப் போடுவது. கிருமிக்கு ஆகாதது செல்லுக்கும் ஆகாது. இரண்டின் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. அதைக் கட்டிய புண்ணியவானைத் தேடிப்பிடித்துக் கேட்கவேண்டும்.

அன்று மதியம் அவள் தனியாக இருந்தாள். ஏழு எழுத்துத் தட்டுகளும், நல்ல தண்ணீரில் வைத்த எட்டாவது தட்டும் கூண்டுக்குள் இருந்தன. சத்துநீரை வடித்துவிட்டு மூடிகளைத் திறந்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் ஊதா விளக்கு எரிந்தால் எட்டுத் தட்டிலும் வால் முளைக்கும். நல்ல தண்ணீர்த் தட்டிலேயே வால் வந்தால் அந்தச் சோதனை செல்லாது. பட்டறைகளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. மறுபடி பாட்டில் எடுக்கப் போனால் எல்லோரும் சாயம் கலக்காத வெறும் தண்ணீரைத்தான் விட்டுவைத்திருப்பார்கள்.

கை தானாகப் போனது என்றெல்லாம் சொல்ல முடியாது. அவள்தான் கொண்டுபோனாள்.

ஊதா விளக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, வராந்தாவில் கால்மணி நேரம் நின்றாள். கீழே முற்றத்தில் பெரிய தொட்டியை வடித்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் மீன்காரர் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கண்ணாடியில் தெரிந்த ஊதா வெளிச்சத்தையும் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

அவள் எதிர்பார்த்தபடியே நல்ல தண்ணீர்த் தட்டிலும் வால். டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். யாருடைய வேலை என்ற கேள்வி மாடிக்கும் கீழுக்குமாக ஓடியது. உண்மையை எழுதிவிடலாம் என்று அவள் மறுநாள் காலை செல் அறைக்குப் போனபோது, அறைப் பதிவேட்டில் கிறுக்கலான கையெழுத்தில் ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. 'தட்டுகளைப் பார்க்க வந்தபோது மஞ்சள் விளக்கு என்று நினைத்து ஊதா விளக்கைப் போட்டவன் நான்.' கீழே மீன்காரரின் கையெழுத்து.

பிறகு அவர் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் பாதியைத் தனியாக எடுத்து, குளிர்ப்பெட்டியின் அடியில் வைத்திருந்தாராம். எப்போதும் அப்படித்தான் செய்வாராம், யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அதை எடுத்து வந்து டைரக்டர் மேசையில் வைத்தார். சோதனை மறுபடி நடந்தது.

இந்தமுறை அவள் ஒழுங்காக எண்ணினாள். அவர் பெயரில் ஒரு பொய்யை ஏற்றியாகிவிட்டது, இன்னொன்றை ஏற்ற அவளுக்குக் கை வரவில்லை. எந்த எழுத்துத் தம்பியுடையது என்று தெரியாமல், ஒவ்வொரு நீண்ட வாலையும் அவனுடையதாகவே நினைத்து, நினைத்தபடியே சரியாக எழுதினாள். உறையைப் பிரித்தபோது மோசமான இரண்டு தண்ணீரில் ஒன்று அவனுடையது. பட்டறை மூடப்பட்டது. "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போனவன் ஆறு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு பிழைத்துக்கொண்டான், அது வேறு கதை.

மீன்காரரிடமிருந்து எழுத்துப் போடும் வேலையைப் பிடுங்கி அலுவலகக் குமாஸ்தாவிடம் கொடுத்தார்கள். வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி வரவில்லை. அதோடு விட்டார்களா? ஸ்டோர்காரர் சுவிட்சுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டினார்: 'மீன்காரரை நினை, பிறகு அழுத்து.' புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பார்கள். மீன்காரரே ஒருநாள் அதைப் படித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்கே, யாரு எழுதினது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஏன் அந்த விளக்கைப் போட்டாய் என்று அவர் அவளிடம் கேட்கவில்லை. ஊதா விளக்கு எரிந்த அன்று மாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், "நாளைக்குக் குடை எடுத்துக்கணும்போல" என்றார். அடுத்த நாளும் கேட்கவில்லை, அடுத்த வருடமும் கேட்கவில்லை. வேலைப் பேச்சு வீட்டில் கூடாது என்ற சுவரில் அவள் சாய்ந்துகொண்டாள். அவர் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். கேட்காமலேயே, நான்கு வருடங்களுக்கு முன்னால், மூன்றுமாத நோயில் அவர் போய்ச் சேர்ந்தார். தம்பிதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டான்.

வேலையில் அவளுக்குக் கடைசி வாரம் வந்தது. வாலக்காவுக்கு வழியனுப்பு விழா. கேக் வெட்டினார்கள். ஸ்டோர்காரர் பேச எழுந்தார். "நம்ம வாலக்கா முப்பத்தொரு வருஷத்துல ஒரு தப்புப் பண்ணதில்ல. வீட்டுக்காரர் பண்ணின ஒரே தப்பை மட்டும் நாம மறக்கவே முடியாது" என்றார். கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள். அவளால்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நேரே டைரக்டர் அம்மாவின் அறைக்குப் போனாள். சம்பவம் நடந்தபோது இந்த அம்மா இங்கே இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பதினேழு வருஷம் ஆச்சுக்கா. அவரும் இல்ல. இப்ப எதுக்கு?"

"அவர் பேர் அந்தப் பதிவேட்டுல தப்பா இருக்கும்மா."

"நீங்க முதல் தடவை வேணும்னே கெடுத்தீங்கன்னு எழுதினா, ரெண்டாவது தடவை எண்ணினதையும் சந்தேகப்படுவாங்க. அது மட்டுமா? நீங்க எண்ணின எல்லாத்தையுமே சந்தேகப்படுவாங்க. புரியுதா?"

புரிந்தது. முப்பத்தொரு வருடம் அவளுக்கு இருந்த சொத்து அந்த எண்ணிக்கை ஒன்றுதான். அதைத்தான் மேசையில் வைக்கச் சொல்கிறார்கள்.

"நான் எண்ணின துண்டுகளோட படங்கள் எல்லாம் பத்திரமா இருக்கும்மா. வேற ஆளை வெச்சு எண்ணிப் பாருங்க. எழுத்தை மறைச்சிட்டுக் குடுங்க."

இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள், மூன்று நாள். தான் எண்ணியதை அடுத்தவர் எண்ணும்போது என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே போய் மீன்தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மோட்டார் சத்தமும் தண்ணீர் வாடையும் அவர் சட்டையை நினைவுபடுத்தின. அந்த மூன்று நாளும் அவள் அவரோடு வாய் ஓயாமல் பேசினாள், மனதுக்குள்தான். கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சண்டையும் போட்டாள். மூன்றாவது நாள்தான் உறைத்தது. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லவேண்டியிருக்கும். அந்தச் சங்கடம் அவளுக்கு வரக்கூடாது என்றுதான் அவர் சாகிறவரை குடையைப் பற்றியும் உப்பைப் பற்றியும் பேசினார்.

சாயங்காலம் டைரக்டர் அம்மா கூப்பிட்டனுப்பினார். இரண்டு பேர் எண்ணிக்கையும் அவள் எண்ணிக்கையும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்குமேல் எங்கும் வித்தியாசப்படவில்லை. தம்பியுடைய தட்டில் சரியாக அதே எண்.

மேசையில் பழைய பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே எதையும் அழிக்கக்கூடாது. தப்பின்மேல் ஒற்றைக் கோடு போட்டு, கீழே எழுத்துத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் கிறுக்கலின்மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தன் பெயரை எழுதினாள், வாலக்கா என்றில்லை, முழுப்பெயர். கூடவே ஒரு திருத்தப் படிவமும் இருந்தது. அதில் காரணம் என்று ஒரு கட்டம்.

'தம்பிக்காக வேண்டுமென்றே போட்டேன்' என்று எழுதினாள். பேனாவை எடுக்காமல் அடுத்த வரியும் எழுதினாள். 'என் கணவர் அன்று அந்த அறைக்கு வரவே இல்லை. எனக்காகத் தன்மேல் போட்டுக்கொண்டார்.'

டைரக்டர் அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டாவது வரி படிவத்துக்குத் தேவையில்லக்கா. முதல் வரியே போதும்."

"எனக்குத் தேவைம்மா" என்றாள் வாலக்கா.